ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்ஸ்அப்பில் நாள்தோறும் வந்து விழும் சொற்கதைகளைப் படித்துவிட்டு, "இது உண்மைதானா?" என்று கேட்பவர்களுக்காக இத்தொகுப்பு எழுதப்பட்டது. பரவலாக உலவும் கதைகளில் பெரும்பகுதி பொய். ஆனால் பொய்யை நீக்கிய பின் எஞ்சும் உண்மை பல இடங்களில் அந்தக் கதைகளைவிடச் சுவையானது.

ஒரு சொல்லின் பிறப்பை எப்படி உறுதிப்படுத்துகிறார்கள்?

அந்தச் சொல் எழுத்தில் முதன்முதலாக எந்த ஆண்டில் தென்படுகிறது, அப்போது அது எந்த வடிவிலும் பொருளிலும் வழங்கியது, அதன் ஒலி காலப்போக்கில் எப்படி மாறியது, உறவுமொழிகளில் அதற்கு இணையான சொற்கள் உண்டா என்பவற்றைப் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். கதை எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும், அதில் சொல்லப்படும் நிகழ்ச்சிக்கு முன்பே அந்தச் சொல் அச்சில் இருந்தால் கதை பொய் என்று அங்கேயே முடிந்துவிடும்.

இந்த முறைக்கு வலுவான அடித்தளம் இட்டது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் முளைத்த யோசனை அது. முதல் பகுதி 1884இல்தான் வெளிவந்தது. முழுப் பணியும் முடிந்தபோது ஆண்டு 1928. நெடுங்காலம் அதன் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் மரே, வீட்டுத் தோட்டத்தில் போட்ட இரும்புக் கொட்டகையில் அமர்ந்து, பொதுமக்கள் நூல்களைப் படித்துத் தாள்துண்டுகளில் எழுதி அனுப்பிய மேற்கோள்களை ஆண்டுவாரியாக அடுக்கினார். அப்படி ஆயிரக்கணக்கில் அனுப்பியவர்களுள் ஒருவர், ஒருவரைச் சுட்டுக்கொன்றுவிட்டு பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் மைனர். இன்று நாம் "இந்தச் சொல் இந்த ஆண்டில் வந்தது" என்று துணிந்து சொல்வதற்கெல்லாம் அந்தத் தாள்துண்டுகளே முதல் காரணம்.

"ஓகே" என்பதன் விரிவு என்ன?

உலகிலேயே மிக அதிகமாக ஒலிக்கும் ஆங்கிலச் சொல் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பிறந்ததோ ஒரு கேலியில். 1830களின் இறுதியில் பாஸ்டன் நகரப் பத்திரிகையாளர்களிடையே ஒரு விளையாட்டு மோகம் பரவியிருந்தது. ஒரு தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுத்துக்கூட்டி, அந்தப் பிழைகளின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிடுவார்கள். "எல்லாம் சரி" என்று பொருள்படும் "ஆல் கரெக்ட்" என்ற தொடர் "ஓல் கொரெக்ட்" என்று கோணலாகி, அதிலிருந்து "ஓ", "கே" என்ற இரண்டு எழுத்துகள் 1839 மார்ச் 23ஆம் நாளன்று "பாஸ்டன் மார்னிங் போஸ்ட்" இதழில் வெளிவந்தன.

அந்தக் காலத்தில் இதுபோன்ற சுருக்கங்கள் பல தோன்றி, சில மாதங்களிலேயே மறைந்தன. இது மட்டும் பிழைத்ததற்குத் தேர்தல் காரணம். 1840இல் மறுபடியும் போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் என்ற ஊர்க்காரர். "ஓல்டு கிண்டர்ஹூக்" என்று செல்லப்பெயர் இட்டு, அதன் முதலெழுத்துகளான அதே "ஓ, கே"யைக் கட்சிக்காரர்கள் முழக்கமாக்கினார்கள். அவர் தோற்றுப்போனார், முழக்கம் நாடெங்கும் பரவிவிட்டது. பின்னர் தந்தி அலுவலர்களுக்கும் அது வசதியாக அமைந்தது.

இந்த வரலாற்றை 1960களில் பழைய நாளிதழ்களைத் துருவி நிறுவியவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் "இன்று யாரும் கொல்லப்படவில்லை" என்பதைச் சுழியமும் "கே"யும் சேர்த்து எழுதினார்கள் என்ற கதை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் போர் தொடங்கியது 1861இல். சொல்லுக்கு அப்போது 22 வயது.

"நியூஸ்" என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய திசைப்பெயர்களின் முதலெழுத்துகள்தானே?

இல்லை. நம் பள்ளிகளில் பொது அறிவுச் செய்தியாகவே இதைச் சொல்லிக்கொடுத்திருப்பதால் நம்ப மறுப்பவர்கள் மிகுதி. "நியூ" என்றால் புதியது. அதன் பன்மை "நியூஸ்", அதாவது புதியவை. பிரெஞ்சிலும் இதே போலப் "புதியவை" என்ற பொருளுடைய சொல்தான் செய்திக்கு வழங்குகிறது. "நியூஸ்" ஆங்கிலத்தில் வழக்குக்கு வந்த பழங்காலத்தில் அதை ஆளுக்கொரு விதமாக எழுத்துக்கூட்டினார்கள். திசைகளின் முதலெழுத்தில் பிறந்த சொல்லாயின் அப்படி எழுதியிருக்க இடமில்லை.

முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. ஆகவே, "ஓகே" போன்ற அரிய விலக்குகள் நீங்கலாக, அதற்கு முந்திய ஒரு சொல்லுக்கு யாராவது முதலெழுத்து விரிவு சொன்னால், அதைப் பொய் என்றே வைத்துக்கொண்டு தொடங்கலாம். "பெண்களுக்கு அனுமதியில்லை" என்பதன் சுருக்கமாகக் "கோல்ஃப்" விளையாட்டுக்குக் கூறப்படும் விரிவும் இந்த வகையே. அந்தப் பெயர் 15ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்திலேயே இருக்கிறது. பகட்டைக் குறிக்கும் "போஷ்" என்ற சொல், இந்தியாவுக்குக் கப்பலில் வந்த துரைமார் வரும்போது இடப்புறமும் திரும்பும்போது வலப்புறமும் வெயில் படாத அறையைக் கேட்டு வாங்கியதால் பயணச்சீட்டில் பொறிக்கப்பட்ட நான்கெழுத்து என்கிறார்கள். அப்படிப் பொறித்த சீட்டு ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை.

"ஹலோ" என்பது கிரகாம் பெல்லின் காதலியின் பெயரா?

"மார்கரெட் ஹலோ" என்று ஒரு பெண் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. பெல் மணந்தது மேபல் ஹப்பர்டு என்பவரை, 1877இல். அதைவிடப் பெரிய முரண், தொலைபேசியில் "ஹலோ" சொல்வதைப் பெல்லே விரும்பவில்லை என்பதுதான். மாலுமிகள் ஒருவரையொருவர் அழைக்கும் "அஹோய்" என்ற விளியையே அவர் கடைசிவரை பயன்படுத்தினார். "ஹலோ"வை முன்மொழிந்தவர் அவருடைய போட்டியாளரான எடிசன்; அழைப்புமணி எதுவும் தேவையில்லை, "ஹலோ" என்று கூவினால் 10 முதல் 20 அடி தொலைவுக்குக் கேட்கும் என்று 1877இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அச்சொல் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே வியப்பையோ கவன ஈர்ப்பையோ காட்டும் கூப்பாடாக வழங்கிவந்தது.

விடைபெறும் "குட்பை"யின் கதை வேறு. "கடவுள் உன்னோடு இருப்பாராக" என்ற முழு வாழ்த்து 16ஆம் நூற்றாண்டில் தேய்ந்து தேய்ந்து, "குட் டே" போன்ற வணக்கங்களின் சாயலும் ஒட்டிக்கொள்ள, இந்த வடிவத்துக்கு வந்து நின்றது. கடவுளை எடுத்துவிட்டு நன்மையை வைத்தது யாருடைய திட்டமும் அன்று. அவசரமாகப் பேசிய நாக்குகளின் வேலை.

"சாலரி" உப்பிலிருந்து வந்ததா?

பாதி உண்மை. இலத்தீனில் "சால்" என்றால் உப்பு. ஊதியத்துக்கான "சாலரியும்" அதனோடு தொடர்புடைய சொல்லே. ஆனால் ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பையே கூலியாக அளந்து போட்டார்கள் என்று அக்காலத்து ஆசிரியர் எவரும் எழுதிவைக்கவில்லை. அவர்கள் பெற்றது நாணயம். சொற்களுக்கு இடையிலான உறவு ஒன்று, அந்த உறவை விளக்க நாம் கட்டும் காட்சி வேறொன்று.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் தவறாமல் "சம்பளம்" என்ற சொல்லை நினைவூட்டுவார்கள். சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்ற விளக்கம் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கன்னடத்திலும் கூலிக்குச் "சம்பள" என்ற சொல்லே வழங்குகிறது. வடமொழியில் "சம்பல" என்பது வழிப்பயணத்துக்கான கட்டுணவைக் குறிக்கிறது. இவற்றுக்கு விடை சொல்லாமல் நெல்லையும் உப்பையும் மட்டும் காட்டுவது போதாது.

மழை பெய்தால் பூனையும் நாயும் ஏன் விழுகின்றன?

கனமழையை ஆங்கிலத்தில் "பூனையும் நாயுமாகப் பெய்கிறது" என்பார்கள். கூரை வேய்ந்த வீடுகளில் நாயும் பூனையும் கூரைக்குள் படுத்திருந்து, மழையில் வழுக்கி விழுந்தன என்று 1999இல் மின்னஞ்சல்வழி பரவிய ஒரு நீண்ட கட்டுக்கதை சொல்கிறது. கூரைவீட்டில் வாழ்ந்த எவரும் சிரித்துவிடுவார்கள். மழைக்கு ஒதுங்க நினைக்கும் நாய் கூரைமேல் ஏறுமா என்ன? 17ஆம் நூற்றாண்டு நடுவில் ரிச்சர்டு ப்ரோம் என்பவரின் நாடகத்தில் நாய்களும் மரநாய் போன்ற ஒரு விலங்கும் மழையாகப் பொழிவதாக ஒரு வரி வருகிறது. பூனையும் நாயுமாக 1738இல் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதியிருக்கிறார். வேடிக்கைக்காகச் சொன்ன மிகைப்பேச்சு என்பதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டியதில்லை.

சொற்களின் பொருள் தலைகீழாக மாறுவது உண்டா?

உண்டு. "நைஸ்" என்ற சொல்லின் மூலமான இலத்தீன் வடிவத்துக்கு "அறியாதவன்" என்று பொருள். ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது முட்டாளைக் குறித்தது. பிறகு அளவுக்கு மீறி நுணுக்கம் பார்ப்பவரை, பிறகு நுட்பமானதை, 18ஆம் நூற்றாண்டில் இனியதைக் குறிக்கலாயிற்று. நம் இலக்கண நூல்கள் உயர்பொருட்பேறு என்று சொல்லி, கள்ளுண்ட மயக்கத்தைக் குறித்த "களிப்பு" மகிழ்ச்சிக்கு உரியதானதைக் காட்டுமே, அதே வழிதான். "சில்லி" என்ற சொல் எதிர்த்திசையில் நடந்தது: அருள்பெற்றவர் என்ற பொருளில் தொடங்கி, ஏதுமறியாதவர், பரிதாபத்துக்குரியவர் என்று இறங்கி, அசடரிடம் வந்து நின்றது. "கேர்ள்" ஒரு காலத்தில் ஆண், பெண் இருபாலாரிலும் எந்தக் குழந்தைக்கும் பொருந்தியது.

மாட்டுக்கு ஒரு பெயர், அதன் இறைச்சிக்கு வேறு பெயர் ஏன்?

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதன் விளைவு இது. "கவ்", "ஷீப்" போன்ற விலங்குப் பெயர்கள் பழைய ஆங்கிலத்துக்கு உரியவை. "பீஃப்", "மட்டன்" முதலியவை ஆண்டவர்களின் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தவை.

சொல்லுக்குள் படம் ஒளிந்திருக்கும் என்கிறார்களே, எடுத்துக்காட்டு உண்டா?

துப்பைக் குறிக்கும் "க்ளூ" முதலில் நூற்கண்டின் பெயர். கிரேக்கக் கதையில் தீசியஸ் என்ற வீரன் சிக்கலான சுற்றுப்பாதைக்குள் நுழையும்போது நூற்கண்டைப் பிரித்துக்கொண்டே சென்று, அதே நூலைப் பிடித்துத் திரும்பினான். குழப்பத்திலிருந்து வெளியேற்றும் எதுவும் அதனால் "க்ளூ" ஆனது. பேரழிவுக்கான "டிசாஸ்டர்" என்ற சொல்லுக்குள் ஒரு கெட்ட நட்சத்திரம் இருக்கிறது. காய்ச்சலுக்கான "இன்ஃப்ளுயென்சா"வும் கோள்களின் தாக்கம் என்ற பொருளுடைய இத்தாலியச் சொல்லே.

எனக்கு மிகவும் பிடித்தது தசையைக் குறிக்கும் "மசில்". இலத்தீனில் அதற்குச் "சுண்டெலி" என்று பொருள். தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல் தசை புடைப்பதைக் கண்டு வைத்த பெயர். நாம் காலின் பின்தசையைக் கெண்டை என்கிறோம். அது ஒரு மீனின் பெயரும் ஆகும்.

"ஆரஞ்சு" தமிழிலிருந்து போனதா?

வேர் திராவிட மொழிகளில் இருக்க வேண்டும் என்பது பலர் ஏற்கும் கருத்து. நம் நாரத்தையும் நாரங்காயும் அந்தக் குடும்பம். வடமொழியில் "நாரங்க", பாரசீகத்தில் "நாரங்", அரபியில் "நாரஞ்ச்", ஸ்பானியத்தில் இன்றும் "நாரங்ஹா" என்று நகரம் நிற்கிறது. இத்தாலிய, பிரெஞ்சு வாய்களில் முன்நிற்கும் "ஒரு" என்ற சொல்லின் இறுதி நகரமும் இதன் முதல் நகரமும் ஒன்றாகக் கேட்டதால், பழத்தின் நகரம் கழன்றுவிட்டது.

ஆங்கிலத்துக்குள்ளும் இந்த விபத்து நிறைய நடந்திருக்கிறது. சமையலறையில் இடுப்பில் கட்டும் "ஏப்ரன்" முன்பு "நேப்ரன்". "எ நேப்ரன்" என்பதை "ஏன் ஏப்ரன்" என்று பிரித்துக் கேட்டுவிட்டார்கள். இதற்கு நேர்மாறாக, கூடுதல் பெயர் என்ற பொருளில் இருந்த "ஈக் நேம்", முன்னிருந்த நகரத்தைத் தன்னோடு ஒட்டிக்கொண்டு "நிக்நேம்" ஆனது.

பழம் வந்து நெடுநாள் கழித்து, 16ஆம் நூற்றாண்டில்தான் "ஆரஞ்சு" ஒரு நிறத்தின் பெயராகவும் ஆயிற்று. அதற்கு முன் அந்த நிறத்தைச் சிவப்போடு சேர்த்துவிட்டார்கள். அதனால்தான் ஆரஞ்சு மார்புடைய ராபின் குருவிக்குச் "செம்மார்பன்" என்று ஆங்கிலத்தில் பெயர்.

ஐயமின்றித் தமிழிலிருந்து சென்ற சொற்கள் எவை?

"கட்டமரான்" முதலில் நிற்கும். சோழமண்டலக் கரையில் மரங்களைப் பிணைத்துக் கட்டிய மிதவைகளைப் பார்த்த கடலோடி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியான தம் பயண நூலில் அந்தப் பெயரைப் பதிவு செய்தார். இன்றைய கட்டமரானோ இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகு. அந்த வடிவம் பசிபிக் தீவினருடையது. 1876இல் நியூயார்க் படகுப் போட்டியில் நதானியேல் ஹெரெஷாஃப் ஓட்டிய இரட்டை உடல் படகு வென்ற பிறகு, நம்முடைய பெயர் அந்த வடிவத்தின்மேல் நிலைத்தது. நம் மீனவர்களின் கட்டுமரத்தில் இரண்டு உடல் ஏது?

"செரூட்" என்பது சுருட்டு. கெம்பும் நீலமும் அடங்கிய கனிம வகையின் பெயரான "கொரண்டம்" நம் குருந்தம். "மல்லிகடானி" என்பது மிளகுத்தண்ணீர். 1784லேயே ஆங்கிலத்தில் பதிவாகியுள்ள அந்தச் சூப்பில் பின்னாளில் இறைச்சியும் பருப்பும் ஆப்பிளும் புகுந்து, மிளகைத் தேட வேண்டிய நிலை வந்தது. "கறி" இன்னும் நெடுந்தூரம் போயிற்று: 1747இல் ஹன்னா கிளாஸ் என்பவரின் சமையல் நூலிலேயே "இந்திய முறைக் கறி" இடம்பெற்றுவிட்டது. பழந்தமிழில் கறி என்பது மிளகுக்கும் பெயர். யவனர் பொன்னோடு வந்து கறியோடு திரும்பினர் என்று அகநானூற்றின் 149ஆம் பாடல் முசிறியைப் பற்றிச் சொல்லும் கறி மிளகே.

"பரையா" என்ற சொல்லைப் பெருமையோடு இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். பறையர் என்ற ஒரு சமூகத்தின் பெயரை, எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஐரோப்பியர் பொதுச்சொல்லாக்கிக்கொண்டனர். உலகத் தலையங்கங்களில் இன்றும் ஏதாவது ஒரு நாட்டை அந்தச் சொல்லால் ஏசுவதைப் படிக்கும்போது, அந்தப் பெயரோடு வாழ்பவர்களின் காதுக்கு அது எப்படி ஒலிக்கும் என்று எழுதுபவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்த பேரகராதி, ஹென்றி யூலும் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னலும் உருவாக்கி 1886இல் வெளியான "ஹாப்ஸன் ஜாப்ஸன்". முகரம் ஊர்வலத்தில் எழும் "யா ஹசன், யா ஹுசைன்" என்ற ஓலம் ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் அப்படி விழுந்தது.

"கேஷ்" நம் காசுதானே?

ஆங்கிலத்தில் ஒரே வடிவில் இரண்டு "கேஷ்" உண்டு. ஒன்று, கிழக்கிந்திய வணிகர்கள் போர்ச்சுக்கீசியர் வழியாகப் பெற்ற தமிழ்க் காசு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை சென்னைப் பட்டினத்தில் எண்ணப்பட்ட சிறு செப்புநாணயம் அது. மற்றொன்று, ரொக்கத்தைக் குறிப்பது. அது பணப்பெட்டி என்ற பொருளுடைய பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. இன்று வங்கியில் நாம் எடுக்கும் "கேஷ்" இரண்டாவது வகை.

அப்படியானால் "ஒன்" என்பதும் "ஒன்று" என்பதும்?

இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒலி ஒத்திருப்பதுதானே சான்று என்பார்கள். ஆனால் அந்த ஒற்றுமையே புதியது. பழைய ஆங்கிலத்தில் அந்த எண் "ஆன்" என்று ஒலித்தது; செருமானியத்தில் "ஐன்ஸ்", இலத்தீனில் "உனுஸ்". இடைக்காலத்தில் அது "ஓன்" ஆகி, இங்கிலாந்தின் சில வட்டார வழக்குகளில் முன்னால் வகர ஒலி முளைத்து, அதுவே பிறகு பொதுவழக்காகி இன்றைய "வன்" பிறந்தது. தனிமையைக் குறிக்கும் "அலோன்", "மட்டும்" என்ற பொருளுடைய "ஓன்லி" ஆகிய இரண்டும் அதே எண்ணின் வழித்தோன்றல்கள். அவற்றில் பழைய ஓகாரம் அப்படியே இருப்பதை எவரும் கேட்கலாம். ஒப்பிட வேண்டியது இரு மொழிகளின் பழைய வடிவங்களை. இன்று நம் காதில் விழும் வடிவங்களை அன்று.

அலுவலகத்தில் அன்றாடம் புழங்கும் புதிய சொற்களின் கதை என்ன?

"டெட்லைன்" கேட்டால் பலருக்கு வயிற்றைக் கலக்கும், அது பொருத்தமே. 1864இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் மதிலுக்கு உள்ளே ஒரு கோடு குறிக்கப்பட்டிருந்தது. அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுட்டுவிடலாம். அந்தக் கோட்டின் பெயர் 20ஆம் நூற்றாண்டில் பத்திரிகை அலுவலகங்களில் கெடுநேரத்தின் பெயராயிற்று.

கணினிக் கோளாற்றுக்கு "பக்" என்ற பெயர் 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியில் சிக்கிய விட்டில்பூச்சியால் வந்தது என்பது பாதிக் கதை. பூச்சி உண்மை, அதைக் குறிப்பேட்டில் ஒட்டி, "பூச்சி நிஜமாகவே அகப்பட்ட முதல் நிகழ்வு" என்ற பொருளில் எழுதிவைத்ததும் உண்மை. அந்த வரியின் நகைச்சுவை எடுபட வேண்டுமானால் சொல் முன்பே இருந்திருக்க வேண்டும். எடிசன் 1878லேயே இயந்திரக் கோளாற்றை அப்படி அழைத்திருக்கிறார்.

"பாய்காட்" ஒரு மனிதரின் பெயர். 1880இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், நிலக்கிழாரின் முகவரான சார்லஸ் பாய்காட் குத்தகையாளர்களை வெளியேற்ற முயன்றபோது, ஊரே அவரோடு பேச்சையும் வேலையையும் வணிகத்தையும் நிறுத்திக்கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய பெயர் வினைச்சொல்லாகிவிட்டது.

பிறப்பே தெரியாத சொற்கள் உண்டா?

உண்டு, அவற்றுள் மிக எளிய சொற்களும் அடக்கம். நாயைக் குறிக்கும் "டாக்" அவற்றில் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் நாய்க்குப் பொதுப்பெயர் "ஹுண்ட்". செருமானியத்தில் இன்றும் அதுவே. "டாக்கா" என்ற வடிவம் அக்காலத்தின் இறுதியில் மிக அரிதாகத் தலைகாட்டுகிறது. எந்த உறவுமொழியிலும் அதற்கு இணை இல்லை. ஏதோ ஒரு வகை நாயின் பெயராக ஒரு மூலையில் கிடந்த அந்தச் சொல், 16ஆம் நூற்றாண்டுக்குள் எல்லா நாய்களுக்கும் பெயராகி, பழைய பெயரை வேட்டைநாய்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டது.